பரணில் வெளுத்த நீலம்

பெரியப்பா இன்று கொடுத்த தகரப் பெட்டியைத் திறந்ததும் புளித்த நெடி அடித்தது. உள்ளே கலர் ஃபிலிம் ஸ்லைடுகள். இப்போது இடித்துவிட்ட எங்கள் வடக்கனந்தல் வீட்டின் வெள்ளைச் சுவரில், என் சின்ன வயதில், ஸ்லைடு காட்டும் மிஷினின் விசிறி இரைய, தூசி மினுக்கும் வெளிச்சத்தில் அவர் இவற்றைக் காட்டுவார். கல்வராயன் மலை அருவியடியில் நீலப் பாவாடையோடு அக்கா சிரிப்பாள். காய்ச்சலில் அக்கா போனபின், ஒரேயொரு முறை காட்டச் சொல்லி அம்மா கெஞ்சினாள்.

“வெளிச்சம் பட்டா கலரு பூடும்மா,” என்று பெரியப்பா பெட்டியைப் பூட்டி, ஓட்டுக்கடியில் கொதிக்கும் பரணில் வைத்துவிட்டார்.

அம்மா கேட்டுக் கேட்டே செத்தாள். இன்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பரண் சூட்டில் நீலம் வெளுத்துப்போய், அருவி, பாவாடை, அக்காவின் முகம் எல்லாம் ஒரே சிவப்பு.

“பத்திரமாத்தான் வச்சிக்கினு இருந்தேம்பா,” என்றார் பெரியப்பா.

“யாருக்கு?” என்று கத்தினேன். வயதானவரிடம் கத்திவிட்டோமே என்ற வருத்தம் இன்னும் வரவில்லை.