நீலக் கண்ணாடியும் மாம்பழ மஞ்சளும்

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மூன்று மாடிக் கட்டடம் வரைந்து கொடுத்தேன். மேற்கு பார்த்த முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடிதான் வேண்டும் என்று முதலாளிக்கு ஒரே பிடிவாதம்.

"கடலூர்ல புதுசா கட்டுறதெல்லாம் அப்படித்தான் இருக்கு மேடம். நீங்க மட்டும் ஏன் செங்கல் செங்கல்னு நிக்கிறீங்க?"

மேற்கு வெயில், புயல் என்று நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள், கண்ணாடி கம்பெனி கொடுத்த நீல மாதிரித் துண்டோடு அவருடைய பழைய கடைக்கே போய் வாசலில் நின்றேன்.

எந்தக் கடையிலும் நடப்பதுதான். ஓர் அம்மா, தான் எடுத்த பட்டுப்புடவையை வெளிச்சத்தில் பார்க்க வாசலுக்குக் கொண்டுவந்தார். நல்ல மாம்பழ மஞ்சள். வெயிலுக்கும் புடவைக்கும் நடுவே கண்ணாடியைப் பிடித்தேன்.

"அய்யய்யோ, பச்சையடிக்குதே! எனக்கு வேணாம்பா."

முதலாளி கல்லாவை விட்டு ஓடிவந்தார். கண்ணாடியை விலக்கினேன். மஞ்சள் திரும்பியது.

இன்று அந்தப் புதுக் கடைக்கு மேற்கே கனமான செங்கல் சுவர். வடக்கே அகலமான சன்ஷேடின் கீழ் நிறமில்லாத கண்ணாடி. புடவையோடு யாரும் வாசலுக்குப் போவதில்லை. எல்லோரும் அந்த வடக்கு வெளிச்சத்துக்குத்தான் வருகிறார்கள்.

போன முகூர்த்த சீசனில், கடலூரிலிருந்து கட்டடம் பார்க்க வந்த ஒரு ஜவுளிக்காரர் என் எதிரிலேயே முதலாளியிடம் கேட்டார். "நீலக் கண்ணாடி போட்டிருக்கலாமே மச்சான்?"

"சேச்சே, புடவை கலரே மாறிடும்யா! இதுகூடத் தெரியாமயா கடை நடத்துற?"