நான் எழுந்தால் ஆரம்பிக்கும் சத்தம்

எனக்குப் பெரிய சத்தம் ஆகாது. தீபாவளிக்கு முந்தின நாளே ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள், என் கடைசி நடனத்தை ஒரு ராக் இசைக்குழுவோடு ஆடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கடைசி என்று நானாகச் சொல்லவில்லை. மயிலாப்பூர் டாக்டர் சொன்னது. வலது முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. உட்கார்ந்து எழும்போது சில நேரம் முட்டி அப்படியே பூட்டிக்கொள்ளும். நீட்டவும் வராது, மடக்கவும் வராது. "நடக்கலாம், மாடி ஏறலாம், கோயில் சுத்தலாம். டான்ஸ் மட்டும் வேணாம்மா. ஆபரேஷன் பண்ணினாலும் பழையபடி ஆட முடியாது" என்றார். ஒரே ஒரு நிகழ்ச்சி மட்டும் ஆடிவிட்டு வருகிறேன், அதை என் காலில் நின்று முடித்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு கத்தியோ கத்தரிக்கோலோ எதை வேண்டுமானாலும் எடுங்கள் என்றேன். அனுமதி கேட்கிற தொனியில்தான் கேட்டேன். முடிவை ஆட்டோவில் வரும்போதே எடுத்திருந்தேன்.

எங்கள் நவீன நடனக் குழுவை நடத்துபவள் என் தோழி. இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே இடத்தில் பரதநாட்டியம் கற்று, ஒரே காலத்தில் அதை விட்டு வெளியே வந்தவர்கள். அவள் ஆடுவதை எப்போதோ நிறுத்திவிட்டு, மற்றவர்களை ஆட்டிவைக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த இசைக்குழுவைப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவள்தான். மூன்று பையன்கள். பையன்கள் என்றால் முப்பது வயதுக்காரர்கள். ஒருவர் டிரம்ஸ், ஒருவர் கிட்டார், அதையும் வயலின் வில்லை வைத்து இழுப்பார், மூன்றாமவர் ஏகப்பட்ட ஒயர்கள் செருகிய ஒரு பெட்டியோடு உட்கார்ந்து, பட்டினப்பாக்கத்தில் பதிவுசெய்த அலைச்சத்தத்தையும் மீன் விற்கிற கூச்சலையும் அதிலிருந்து எடுத்து எடுத்து விடுவார். இதற்குப் பெயர் இசையா என்று முதல் நாளே தோழியிடம் கேட்டேன். "நீ பண்றது டான்ஸான்னு எங்காத்துல இன்னும் கேட்டுண்டுதான் இருக்கா. பேசாம ஆடு" என்றாள்.

அவர்கள் முதலில் ஒரு ஒலிப்பதிவை அனுப்பினார்கள். சைதாப்பேட்டையில் அவர்களுடைய பயிற்சி அறையில் செல்போனில் எடுத்தது. அதை வைத்துக்கொண்டு, அபிராமபுரத்தில் எங்கள் மாடி ஹாலில் மாதக்கணக்கில் நடனம் அமைத்தோம். நாங்கள் எட்டெட்டாக எண்ணி ஆடுகிற கூட்டம். இந்த எட்டில் கை, அடுத்த எட்டில் திரும்பல் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் கணக்கு உண்டு. நடுவில் ஓர் இடத்தில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். என்ன கற்பனை, சமையலறையையே இசைக்குள் கொண்டுவந்துவிட்டார்களே என்று தோழி சொக்கிப்போனாள். மூன்றாவது விசிலுக்கு நாங்கள் எல்லாரும் தரையில் சரிய வேண்டும் என்று முடிவாயிற்று.

அவர்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து நேரில் வாசித்த அன்று, கையைத் தூக்கியபடி நானும் குழுவின் இளசுகள் நாலு பேரும் விசிலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, விசில் எங்கே என்று கேட்டேன்.

"எந்த விசில்?" என்றார் டிரம்ஸ்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அய்ய, அது கீழ் வீட்டு குக்கருக்கா!"

இளசுகள் நாலு பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. விசாரித்தால் அதைவிடப் பெரிய குண்டு ஒன்றைப் போட்டார்கள். இவர்கள் எதையும் எண்ணுவதே கிடையாதாம். ஒரு நாள் வாசித்த அளவுக்கு இன்னொரு நாள் வாசிக்க மாட்டார்களாம். "அன்னிக்கு எப்டி போவுதோ அப்டி போவும். போதும்னு தோணிச்சின்னா மாத்துவோம்" என்றார் கிட்டார்காரர், ரொம்ப நியாயமான விஷயத்தைச் சொல்வதுபோல. எண்ணாமல் எப்படியப்பா ஆடுவது என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கே வந்துவிட்டார். பையனுக்குப் பரீட்சையாம். வாசித்தவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிட்டார்.

கோபம் தணிந்தபின் எனக்குப் பழைய கச்சேரி மேடை ஞாபகம் வந்தது. மிருதங்கக்காரர் ஆடுகிறவளின் காலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். இந்த டிரம்ஸ்காரரோ கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர். எண்ணத் தெரியாவிட்டால் போகிறது, என் காலைப் பார்த்து வாசி என்றேன்.

"காலையா?" என்று நெளிந்தார். "ஒரு மாதிரியா கீதுக்கா."

இருந்தாலும் மறுநாள் டிரம்ஸை எல்லாம் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, தரை தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து கண்ணை மூடவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "க்கா, வலது காலு எப்பவும் கொஞ்சம் லேட்டா வருதே. வேணும்னே வெக்கிறியா, இன்னா?"

என் தோழி கண்டுபிடிக்காதது. என் கணவர்கூட நான் நொண்டும்போதுதான் பார்ப்பார். ஜவ்வு, டாக்டர், கடைசி நிகழ்ச்சி என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐயோ பாவம் என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் டீயை உறிஞ்சிவிட்டு, "சரி, அப்ப அடிய அங்கயே வெச்சிக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலையிலிருந்து அடி என் கால் விழுகிற இடத்தில் விழுந்தது. சரியான இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், என் முட்டி சம்மதிக்கிற நேரத்தில். கிட்டாரும் பெட்டியும் அதோடு பின்வாங்கின. இளசுகள் தங்களை அறியாமலே அந்தத் தாமதத்துக்கு மாறிக்கொண்டார்கள். இத்தனை வருடம் தாளத்துக்குப் பின்னால் ஓடியவள் நான்; முதல்முறையாகத் தாளம் எனக்காக நின்று கூட்டிக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்த நடனம் இரண்டு பகுதி. முதல் பகுதி மெதுவானது. அது முடியும்போது நான் தரையில் கிடப்பேன். பிறகு தனியாக, நிதானமாக எழுந்து நிற்க வேண்டும். நான் நிமிர்ந்து நின்றதும் இரண்டாம் பகுதி வெடிக்கும். எண்ணிக்கை கிடையாது, சைகை கிடையாது. நான் எழுவதுதான் சைகை. இளசுகள் அந்தச் சத்தத்தில் துள்ளித் துள்ளி ஆடுவார்கள், நான் நடுவில் நிற்பேன். அந்த மூன்று பேருக்கும் உயிரே அந்தப் பகுதிதான். அதற்காகத்தான் மற்றதையே வாசித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பரீட்சைப் பையனை உத்தேசித்து எங்கள் ஹாலில் அதை முழுசாக வாசித்ததே இல்லை. நான் எழுந்து நின்றதும் டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிவிட்டு இறக்கிவிடுவார். "டமால்! அவ்ளோதான். மீதிய அன்னிக்குக் கேட்டுக்கோக்கா" என்பார். இளசுகள் முணுமுணுப்பான வாசிப்புக்கு ஒத்திகை பார்ப்பார்கள். நல்லதாகப் போயிற்று என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

நிகழ்ச்சி அடையாறில். பாதி அரங்கம் எங்கள் உறவுக்காரர்கள், பட்டுப்புடவையும் மல்லிகையுமாக. மீதி, கறுப்பு டீ-ஷர்ட் போட்ட அவர்களுடைய ரசிகர்கள். அந்த வெடிப்பைக் கேட்பதற்கென்றே வந்தவர்கள்.

முதல் பகுதி எனக்கு வாய்த்த மாதிரி எல்லாருக்கும் வாய்க்க வேண்டும். வலி இருந்தது, ஆனால் கால் எங்கே விழுந்ததோ அங்கே அடி இருந்தது. தரையில் கிடந்தேன். கையை ஊன்றி வலது காலை மடித்தேன். எழப்போன இடத்தில் முட்டி பூட்டிக்கொண்டது.

டிரம்ஸ்காரர் பஞ்சு சுற்றிய குச்சியால் டிரம்ஸின் பித்தளைத் தட்டை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். கிட்டார் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. மறுபடி முயன்றேன். மண்டைவரை வலி ஏறியது. மேடை ஓரத்தில் என் தோழி, ஆரம்பியுங்கள் ஆரம்பியுங்கள் என்று கையைச் சுழற்றுவது தெரிந்தது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், நிகழ்ச்சியைக் காப்பாற்ற வேண்டியவள் அவள். ஆரம்பித்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். இளசுகள் என்னைச் சுற்றித் துள்ளுவார்கள், நடுவில் நான் ஒரு துணிமூட்டையாகக் கிடப்பேன். கிட்டார்காரர் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார். முடியவில்லை என்று லேசாகத் தலையை அசைத்தேன்.

அவர் பெரிய குச்சிகளை எடுக்கவே இல்லை. தடவிக்கொண்டிருந்ததை இன்னும் மெதுவாக்கினார். பெட்டிக்காரர் அலைச்சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தார். இளசுகள் நாலு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். விளக்கு தானாக மங்கியது. யார் மங்கவைத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். அலைச்சத்தத்தோடு முடிந்தது. கைதட்டினார்கள். அப்படித்தான் அமைத்திருக்கிறோம் என்று பட்டுப்புடவைக்காரர்கள் நம்பிவிட்டார்கள். "மச்சி, அந்த பார்ட் எங்கடா?" என்று வெளியே கறுப்பு டீ-ஷர்ட் ஒன்று கேட்டது உள்ளேவரை கேட்டது.

உள்ளே என்னை ஒரு மேஜைமேல் தூக்கி உட்காரவைத்திருந்தார்கள். உங்கள் பகுதியையே கெடுத்துவிட்டேனே என்று டிரம்ஸ்காரரிடம் சொல்லி அழுதேன்.

"யாரு கெடுத்தா? நீ எந்திரிச்சா அடிக்கணும்னு பேசிக்கினோம். நீ எந்திரிக்கல, நாங்க அடிக்கல. இதுல இன்னா கீது?" என்று சொல்லிவிட்டு டிரம்ஸைக் கழற்றப் போய்விட்டார். கிட்டார்காரர், அந்தப் பகுதியில் சத்தத்தைக் கூட்டுவதற்கென்று கொண்டுவந்து காலே வைக்காத பெடல்களைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷ உழைப்பு. அதைப் பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, மூன்று பேரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆபரேஷன் ஆயிற்று. பிசியோதெரபி, கைத்தடி, வீட்டுக்குள்ளேயே நடை என்று மாதங்கள் போயின. கைத்தடியை விட்ட வாரம், தி.நகரில் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, எதிர்ப்பட்ட தெருவை எல்லாம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த ஊரைச் சுற்றிக்கொண்டு சைதாப்பேட்டை போய்ச் சேர்ந்தேன். ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவர்கள் அறை. செங்குத்தான படி. ஒவ்வொன்றாக ஏறினேன். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். இனிப்பைத் தின்று டீ குடித்து முடிந்ததும் கேட்டேன்: "அந்த ரெண்டாவது பகுதி. நான் முழுச் சத்தத்தோட கேட்டதே இல்லையே. வாசிக்கிறீங்களா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒயர்களைச் செருகினார்கள். டிரம்ஸ்காரர் காதில் வைத்துக்கொள்ள இரண்டு பஞ்சு அடைப்பான்களை நீட்டினார். வேண்டாம் என்றேன். நான் அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"என்னப்பா, ஆரம்பியுங்களேன்."

"நீதான்கா ஆரம்பிக்கணும்" என்றார் டிரம்ஸ்காரர். குச்சிகள் தலைக்கு மேலே இருந்தன. கண் என் காலில் இருந்தது.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இடது காலை ஊன்றினேன். வலது காலைக் கொஞ்சம் தாமதமாக, அது எப்போதும் வருகிற நேரத்துக்கு, கொண்டுவந்து பக்கத்தில் வைத்து நிமிர்ந்தேன். குதிகால் தரையைத் தொட்டதும் அடி விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை, நெஞ்செலும்புவரை அதிர்ந்தது. உட்காருக்கா என்று நடுவில் ஒருவர் ஜாடை காட்டினார். நான் உட்காரவில்லை. அது முடிகிறவரைக்கும் என் காலில் நின்றுகொண்டுதான் கேட்டேன்.