அட்டையில் அம்மாவின் பட்டம்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையிலெடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அட்டையைப் பார்த்துச் சிலர் துணுக்குற்றிருப்பீர்கள். அம்மாவின் பெயருக்கு முன்னால் தமிழில் ‘கலாநிதி’ என்றும், கீழே ஜேர்மன் மொழியில் ‘டொக்டர்’ என்றும் அச்சிட்டிருக்கிறேன். அச்சகத்துக்குக் கொடுக்கும்வரை அண்ணா தடுத்தார்.

“தங்கச்சி, விளையாடாதை. இது சட்டத்திலை பிழையாய் முடியும்” என்றார்.

அது எனக்கும் தெரியும். ஏன் போட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அம்மா சாவகச்சேரியில் பிறந்தவர். தாவரவியல் படித்து ஆசிரியையானார். அப்பாவுக்கு நைஜீரியாவில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தபோது அவரும் கூடப் போனார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், மரவள்ளி இலையில் வரும் தேமல் நோயைப் பற்றி ஏழு ஆண்டுகள் ஆராய்ந்தார். வழிகாட்டிய நைஜீரியப் பேராசிரியர் லேசில் திருப்திப்படுகிறவர் அல்லர். ஒரு மழைக்காலத்து அளவுகள் பிசகின என்று முழுத் தோட்டத்தையும் மறுபடி நடச் சொன்னார். அண்ணாவை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா நட்டார். அந்த ஆய்வுக்குத்தான் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

அப்பாவின் ஒப்பந்தம் முடிந்தபோது ஊரில் போர். ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் கிடைத்தது ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை. நைஜீரியாவுக்கு இரண்டு மாதம் போய் மரவள்ளி இலை பறித்து வந்த ஓர் இளைஞர், அதை வைத்தே இங்கே டொக்டர் ஆனார். அவருடைய குழாய்களையும் அம்மாதான் கழுவினார். அம்மா அதைப் பற்றி முணுமுணுத்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் புது வீட்டுக்குக் குடிபோனோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கீழ்வீட்டுப் பல் வைத்தியரின் அழைப்புமணியில் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று இருந்தது. என் அம்மாவுக்கு ஏன் இருக்கக்கூடாது? முதல் சம்பளத்தில் ஒரு பித்தளைத் தகடு செய்வித்து, அம்மாவின் பிறந்தநாளன்று எங்கள் மணிக்கு மேலே பூட்டினேன். அம்மா அதை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் வாரம் பொலிஸ் கடிதம் வந்தது. யாரோ முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். நைஜீரியப் பட்டத்தை, கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்து நீட்டி எழுதலாமாம். டொக்டர் என்று முன்னால் போட்டால் தண்டனையாம். எங்கள் நால்வரின் குடியுரிமை விண்ணப்பம் அப்போதுதான் அலுவலகத்தில் கிடந்தது. தண்டனை பதிவானால் அதுவும் போச்சு. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பொலிஸ் விசாரணைக்கு அம்மாவோடு மொழிபெயர்க்க நான் போனேன். தகட்டைப் பூட்டியது யார் என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் “நான்தான்” என்று அம்மா தமக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் முந்திக்கொண்டார். பட்டம் எங்கே பெற்றது என்று அடுத்த கேள்வி. நைஜீரியா என்றதும் அதிகாரி பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் அதைக் கண்டார். பையிலிருந்து தமது ஆய்வேட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“வாசிக்கச் சொல்லு பிள்ளை. பிழை இருந்தாக் காட்டட்டும்.”

சொன்னேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தமக்குத் தேவையில்லை என்றார் அவர்.

“பின்னை என்னதான் பிரச்சினையாம்?”

“நாடுதானாம், அம்மா.”

இனிமேல் அப்படிப் போடுவதில்லை என்று ஒப்பமிட்டுக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார்கள். அம்மா ஆய்வேட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு ஒப்பமிட்டார். வீட்டுக்கு வந்ததும் தகட்டைத் தாமே கழற்றினார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

குடியுரிமை கிடைத்தது. சில ஆண்டுகளில் விதி மாறி, அமெரிக்கா, யப்பான் பட்டங்களுக்கு டொக்டர் போடலாம் என்று வந்தது. பட்டியலில் ஆபிரிக்க நாடு ஒன்றுகூட இல்லை. அம்மாவைப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, படிவத்தில் பட்டத்துக்கென ஒரு பெட்டி இருந்தது.

“போடுவமே, அம்மா?”

“வேண்டாம் பிள்ளை. கையெழுத்து வைச்சிட்டனெல்லோ.”

அந்தப் பெட்டியில் தமது கையாலேயே ஒரு கோடு இழுத்தார்.

அம்மா போனபின் அந்தப் பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எண்பது தாண்டியவர், கைப்பட மறுமொழி போட்டார். ஐரோப்பாவில் ஒரு மாநாட்டில் அவரிடமே, “உங்கள் உண்மையான பட்டத்தை எங்கே எடுத்தீர்கள்?” என்று கேட்டார்களாம். கடைசியில் இப்படி முடித்திருந்தார்: “அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவன் நான். திருப்பிக் கேட்பதென்றால் நான்தான் கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை.” அதை வாசித்த அன்றே அட்டையை முடிவு செய்தேன்.

அம்மாவைக் கடைசி நாட்களில் பூப்போலப் பார்த்த தாதியருக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த அயல்வீட்டு அக்காமாருக்கும், ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் பூசை செய்வித்த உறவுகளுக்கும், பயந்து பயந்தும் அச்சுப்படி திருத்தித் தந்த அண்ணாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேராசிரியர் ஐயாவுக்கு முதல் பிரதியை அனுப்பிவிட்டேன்.

முறைப்பாடு கொடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இந்த மலர் அவர் கைக்கும் போகலாம். அம்மா தாம் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காத்தார். அந்தத் தாளில் என் ஒப்பம் இல்லை. அன்று அம்மா என்னைச் சொல்லவிடாததை இன்று சொல்கிறேன்: தகட்டைப் பூட்டியவள் நான். இந்த அட்டையை அச்சிட்டவளும் நான்தான். என் பெயரும் முகவரியும் பின்னட்டையில் இருக்கின்றன.