விருந்தாளியின் நீலச் சட்டை

தைலம்மாளுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூரில், வெளிநாட்டு உதவியாய் வந்த கோதுமை ரவையைக் கிண்டி நாற்பது பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிய பதினோரு வருஷமும் அவள் சிரிப்பு பக்கத்து ஊர் வரை கேட்டது. கடைசி மூட்டை தீர்ந்த அன்று, கொடுக்கிற நாடுகளிலேயே நிதி இல்லையாம், கஞ்சி மையத்தை மூடுகிறோம் என்ற கடிதத்தோடு அதிகாரி தீனதயாளன் ஜீப்பில் வந்து இறங்கினார். அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது.

"நாளிக்கு புள்ளைங்களுக்கு இன்னா ஊத்துவேன் சார்?"

மனிதர் பாவம், கடிதத்தை நீட்டினார். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியவர் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து நின்றார். எண்பத்தேழாம் வருஷம், இடஒதுக்கீட்டுப் போராட்டம். கீழே ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் வெளியாள் தங்கினால், அவர் இருக்கிற நாள் வரை வீட்டுக்கு ஒரு கை சாமை தினமும் வந்துவிடும். வீடு நாற்பது, வயிறு ஒன்று! சமைப்பவள் தைலம்மாள். சார் ஒரு கிண்ணம் குடித்தார், மிச்சத்தைப் பிள்ளைகள் வழித்து நக்கினார்கள். அவருடைய ஒரே நீலச் சட்டை கொடியில் காய்ந்தால், சார் இன்னும் இருக்கிறார் என்று ஊர் சாமையைத் தூக்கிக்கொண்டு வரும். அவரோ பிள்ளைகளோடு இரவல் வேட்டியை மடித்துக் கட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் பாதை திறந்தது. சார் போனால் சாமையும் நின்றுவிடும். தைலம்மாள் ஓடிப்போய் ஜீப்பை மறித்தாள்.

"சார், சட்டைய மட்டும் வுட்டுட்டுப் போங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அரசாங்கத் தோரணையை மூட்டை கட்டிவிட்டு, வெறும் பனியனோடு ஜீப்பில் போனார். எதிர்வீட்டுச் சாலம்மாள் உட்பட ஊரே நின்று கையாட்டி வழியனுப்பியது.

மறுநாள் காலை தைலம்மாள் சட்டையை நனைத்துக் கொடியில் போட்டுவிட்டு, திருட்டு முழியோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஊரே பார்த்த ஜீப்பை எப்படி மறைப்பது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாலம்மாள் வந்தாள். அடுப்படி முறத்தில் ஒரு கை சாமையைப் போட்டாள். கொடியை அண்ணாந்து பார்த்தாள்.

"தூறல் போடுது பாரு தைலம்மா. விருந்தாளி சட்டைய எடுத்து உள்ள போடு. அது காயாம அவரு எப்புடிக் கெளம்புவாரு?"

அவளுக்குப் பின்னால் முப்பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.