குதிரைக்காரனுக்கு ஒரு அறை

என் பேத்தியின் போனுக்குள் இப்போது சிலுவைப் போர் நடக்கிறது. அஸர் தொழுதுவிட்டு நான் தேநீரோடு உட்கார்ந்ததும் அவள் வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு, அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் குதிரைகளை ஓட விடுவாள். எங்கோ வெளிநாட்டில் எடுத்த நாடகம். பேச்சை மட்டும் தமிழாக்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் குதிரைகள்கூடத் தமிழில் கனைப்பது போலத்தான் கேட்கிறது. சுல்தானின் படையிலிருக்கும் குதிரை வீரன் ஒருவனுக்கும் எதிரிக் கோட்டைப் பிரபுவின் மகளுக்கும் காதல். பேத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்க்கிறாள்.

"மூத்தம்மா, இவங்க ரெண்டு பேரும் சேருவாங்களா?"

"சேருறது என்ன பெரிய வேலையா புள்ள. சேர்ந்தா எங்க குடியிருப்பாங்க? அதக் கேளு."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அழ வேண்டிய இடத்தில் வீட்டுக் கதை கதைக்கிறேனாம். நான் என்ன செய்ய? இதே மாதிரி ஒரு கதையைக் கலியாணத்துக்கு முந்தி, குமர்ப் பருவத்திலேயே கேட்டு முடித்தவள் நான். முடித்தவள் என்பது பொய். கடைசிப் பாகம் மட்டும் கேட்கக் கிடைக்கவில்லை. (நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் இந்தப் பேத்திதான். எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது. பொய் இருந்தால் என்னுடையது.)

அப்போது கிழக்கிலங்கை மருதமுனையில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் உம்மா தறி போட்டிருந்தார். நூல் சுற்றுவதற்குப் பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து, அதாவது இந்துக்களின் ஊரிலிருந்து, ஒரு பிள்ளை வருவாள். ஓஎல் சோதனை பாஸ் பண்ணிவிட்டு ஆசிரியை வேலைக்குக் காத்திருந்தவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் நான் அவளை அக்கா என்பேன். என் படிப்பைக் கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் சலித்துப் பிரிந்துவிட்டோம். உம்மா குர்ஆனைத் தடங்கலில்லாமல் ஓதுவார். தமிழ் எழுத்தோ அவருக்கு நண்டு ஓடிய மணல். ஆக, அந்தப் பின்பக்கத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தமிழ்ப் பிள்ளைதான்.

என் காக்கா, மூத்த சகோதரர், எங்கள் தறியில் நெய்த சாரன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்முனைக் கடைகளுக்குப் போவார். திரும்பும்போது லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்து வருவார். ஒருநாள் அட்டை கழன்ற தடித்த புத்தகம் ஒன்றை நூல் கட்டுகளின் மேல் வைத்துவிட்டு, இது சுல்தான் காலத்துக் கதை, சிலுவைக்காரர்களோடு சண்டை, பல பாகம் இருக்கிறது, யாராவது வாசித்துக் காட்டினால் உம்மாவுக்கு நன்மை கிடைக்கும் என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். கூரைக்கு வாசிக்கத் தெரியாது.

அன்று தொடங்கியது. அவள் வாசிப்பாள், அவளுடைய நூலையும் சேர்த்து நான் சுற்றுவேன். எதிரிக் கோட்டைக்குக் கீழேயுள்ள கிணற்றடியில் காயத்தோடு விழுந்து கிடந்த குதிரைக்காரனுக்கு, பிரபுவின் மகள் தன் கையால் தண்ணீர் வார்க்கிறாள். அங்கேயே உம்மா கதையில் விழுந்துவிட்டார். அறபுப் பெயர்கள் வரும்போது அந்தப் பிள்ளையின் நாக்கு கல்லில் இடிபடும், உம்மா திருத்துவார். சுல்தானின் பெயர் வந்தால், அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும் என்று உம்மா துஆ கேட்பார். கொஞ்ச நாளில் அந்தப் பெயர் வந்ததும் அவளே நிறுத்திவிடுவாள். உம்மா கேட்டு முடித்த பிறகுதான் அடுத்த சொல். சிலுவைக்காரர்கள் ஊரைக் கொளுத்துகிற இடத்தில், படையை நடத்தி வந்தவளே இவள்தான் என்பது போல உம்மா அவளை முறைத்தார்.

"நான் எந்தப் பக்கமும் இல்ல உம்மா" என்றாள் அவள். "வாசிக்கிற ஆள் மட்டும்தான்."

காக்கா அந்த நேரங்களில் எங்கே இருந்தார் என்கிறீர்களா? வேலிக்கு அந்தப் பக்கம், சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு. அந்த வருஷம் காக்காவின் சைக்கிளைப் போலக் காற்றுப் போன சைக்கிள் எங்கள் ஊரில் வேறில்லை. ஒரு பாகம் முடிந்தால் அடுத்த பாகம் சுணங்கும். லைப்ரரி பூட்டு என்பார், வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்பார். கதை முடிந்துவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க அவருக்கு வேறு காரணம் இல்லை. உம்மாதான் விரட்டி விரட்டி அனுப்புவார். தன் மகனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் தூது போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பேசாமல் நூல் சுற்றினேன்.

நடுப்பாகம் ஒன்றில் குதிரைக்காரன் பிரபுவின் மகளிடம், என் குதிரையில் ஏறு, என் பாசறைக்குப் போவோம் என்கிறான். வாசிப்பு அதோடு நின்றுவிட்டது. உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன வெக்கங்கெட்ட கத? பொண்ணுக்குக் கோட்ட இரிக்கி. மாப்புளதானே அங்க போய்க் குடியிருக்கணும்? அவன் ஏன் அவள இழுத்துக்கிட்டுப் போறான்?"

எங்கள் பக்கத்தில் முறை அப்படி. வீடு பெண்ணுக்கு. வாப்பாவும் ஆண்பிள்ளைகளும் உழைத்து மகளுக்கு வீடு கட்டுவார்கள்; மாப்பிள்ளை வந்து குடியேறுவான். ஆண்பிள்ளைக்கு என்று வீடு கிடையாது, அவனுக்கு மனைவியின் வீடு. எங்கள் ஊரிலும் இதுதான் முறை உம்மா என்று அந்தப் பிள்ளையும் சொன்னாள். மதம் வேறானாலும் கூரை விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்று. அப்போது எங்கள் தறியில் நெய்ய வந்திருந்த ஒருத்தி, "கொண்டு போய் எங்க வெப்பான்? தங்கச்சிட ஊட்டுலயா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். என் சிரிப்புத்தான் பெரிய சிரிப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் பம்ப் அடிக்கிற சத்தம் நின்றது.

உம்மா விளையாட்டாகச் சொன்ன தீர்ப்பைக் காக்கா மெய்யாகவே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளைதானே பெண்ணின் கோட்டைக்குப் போக வேண்டும்? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வெள்ளைச் சேட்டோடு அப்படியே சைக்கிளை மிதித்து அவளுடைய வீட்டுக்குப் போனார். சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிற மனிதர் அவளுடைய தகப்பன். தேத்தண்ணி கொடுத்து, கதிரை போட்டு இருத்தி, முழுவதையும் பொறுமையாகக் கேட்டாராம். பிறகு சொன்னதை அடுத்த நாள் நூல் சுற்றும்போது அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, உங்களில எனக்கு ஒரு குறையும் இல்ல. காலம் நல்லா இருந்தா என்ட மகள்ட வீட்டில நீங்க ராசா மாதிரி இருக்கலாம். இப்ப மகளக் காப்பாத்துறதே பெரும் பாடு. மருமகனையும் காப்பாத்த என்னால ஏலாது."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. இரண்டு ஊர்ப் பொடியன்மாரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை மாறத் தொடங்கியிருந்தது. அங்கே ஒரு கடை எரிந்தால் இங்கே ஒரு ஆள் வீடு திரும்பமாட்டான். இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது ஒரு ஒழுங்கை, ஆள் நடக்கிற சந்து. வேலியில் ஒரு பக்கம் முருங்கை, மறு பக்கம் பூவரசு. அதைத்தான் எல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லை என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அந்தப் புத்தகத்தில். பிறகு அது எங்கள் கோழி மேய்கிற இடமாகிப் போனது.

கொஞ்ச நாள் அவள் வந்தாள். கதையிலும் சமாதானம் முறிந்திருந்தது. கோட்டையைச் சுற்றிப் படை நிற்கிறது, உள்ளே அவள், வெளியே அவன். கடைசிப் பாகத்துக்கு முந்திய பாகம் அத்தோடு முடிந்தது. உம்மா காக்காவை விரட்டினார், நாளைக்கு என்றார் காக்கா. அந்த நாளை வருவதற்கு முன் ஒழுங்கையில் தடை போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவள் வரவில்லை.

எனக்குக் கலியாணம் நடந்தது. காக்காவின் சைக்கிள் உழைப்பில், அவள் வந்துபோன காலத்திலேயே எழும்பத் தொடங்கியிருந்த வீடு எனக்கு. ரோட்டுக்கு மேற்கே, பிற்காலத்தில் சுனாமித் தண்ணீரும் வாசல் வரை வந்து திரும்பிய நல்ல வீடு. பக்கத்தில் சின்னதாக ஒரு அறை, அதற்குத் தனியாக வாசல். காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர். காக்கா கொஞ்சக் காலம் பொறுத்து, முறைப்படி வேறொரு ஊருக்கு மாப்பிள்ளையாகப் போனார். மதினி நல்ல மனுஷி, பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் துக்கம். குறை இருந்திருந்தால் யாரையாவது ஏசியாவது ஆறியிருக்கலாம்.

உம்மா கடைசிக் காலத்தில் அந்தச் சின்ன அறையில்தான் கிடந்தார். ஒரு பகல், கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கிறேன், கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"இந்த அறையத்தான் உன்ட காக்கா அண்டைக்குக் கேட்டான்."

"எண்டைக்கு?"

"அவள்ட வாப்பா ஏலா எண்டதுக்குப் புறகு. பிள்ளைக்குக் கலிமா சொல்லிக் குடுத்து நம்மட மார்க்கத்துல எடுங்க உம்மா, அவளுக்குச் சம்மதம், தங்கச்சிட ஊட்டுல பக்கத்து அறை போதும், காலம் சரியானா எங்கயாவது போயிருவோம் எண்டான். கலிமாக்கு ஒரு நாக்குப் போதும், குடியிருக்கக் கூரை வேணுமே எண்டு நான் சொல்லிட்டன். உன்ட மாப்புள ஊட்டாக்கள் என்ன நினைப்பாங்க? கலியாணம் குழம்பிடும் எண்டு பயம்."

நான் கரண்டியை வைத்துவிட்டேன்.

"என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே உம்மா."

"உன்னட்ட என்னத்தக் கேக்குற. நீ குமர்."

அவர் விளங்காமல் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். வீடு என் பெயரில், சுவர் காக்காவின் வியர்வையில், பேச்சு மட்டும் உம்மாவுடையது. கேட்டிருந்தால் நான் ஓம், சம்மதம் என்று சொல்லியிருப்பேனா என்று பேத்தி இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மாப்பிள்ளை வேறு இடத்தில் வந்திருப்பான். எனக்கென்ன, பார்க்க அவ்வளவு மோசமாகவா இருந்தேன். என்றாலும் கேட்காத கேள்விக்கு இந்த வயதில் பதில் சொல்வது லேசு. அதனால் இதில் பெருமையும் இல்லை.

இன்று அந்த அறையில் நெல் மூட்டையும் ஓடாத தையல் மெஷினும் குடியிருக்கின்றன. மகன்மார் கட்டாரில். மற்ற அறைகளிலும் காற்றுத்தான்.

காக்காவிடம் ஒரு தடவை மட்டும் கேட்டேன், அறையைப் பற்றி இல்லை, அதற்கு எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடைசிப் பாகத்துக்கு என்னதான் நடந்தது என்று கேட்டேன். அவர் பல்லில்லாத வாயால் நெடுநேரம் சிரித்தார். லைப்ரரியில் அந்தப் பாகம் இருந்ததே இல்லையாம். முதலாவதை எடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம். சொன்னால் தொடங்கவே விடமாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்றார். போன நோன்புக்கு முன் அவர் மௌத்தாகி எங்களை விட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அவளைக் கண்டேன். கல்முனை ஆஸ்பத்திரியில் சீனி வருத்தத்துக்கு, நீரிழிவுக்கு, கிளினிக். காத்திருக்கிற வாங்குப் பலகையில் நரைத்த கொண்டையும் பொட்டுமாக ஒரு மனுஷி, பக்கத்திலிருந்த முக்காடு போட்ட கிழவி ஒருத்திக்கு மருந்துப் பையில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். காலையில் ஒன்று என்று வாசித்து நிறுத்தினாள். கிழவி பிஸ்மில்லாஹ் என்று முணுமுணுத்து முடித்த பிறகுதான் அடுத்ததை வாசித்தாள். அந்த நிறுத்தத்தில் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போய் இருந்து, சுல்தானுக்கு துஆ கேட்க இண்டைக்கு உம்மா இல்லை என்றேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தவள் விடவில்லை. ஆசிரியை வேலை கிடைத்து, இளைப்பாறியும் விட்டாளாம். கலியாணம் முடித்து, புருஷனும் காலமாகிவிட்டாராம். மகள் கனடாவில். எல்லாம் சொல்லி முடித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, உங்கட காக்கா என்று கேட்டாள். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், நெடுநேரம் துடைத்தாள்.

"அந்தக் கடைசிப் பாகம் எனக்குக் கிடைக்கவே இல்ல தங்கச்சி" என்றாள். "நான் படிப்பிச்ச பள்ளிக்கூடமெல்லாம் தேடினன். உங்களுக்காவது முடிவு தெரியுமா?"

இல்லாத பாகம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் அப்படிப் பழகவில்லை.

"தெரியாம என்ன. அந்தக் குதிரைக்காரனுக்கு ஒரு தங்கச்சி. அவளுக்கு அவள்ட பேர்ல ஒரு கோட்ட. அதுல தனி வாசலோட ஒரு பக்கத்து அறை. அதத் தொறந்து குடுத்தாள். அங்கதான் ரெண்டு பேரும் குடியிருந்தாங்க, சண்ட முடியுமட்டும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு மட்டும் கிழண்டு போகவில்லை.

"கிடைச்சதெல்லாம் வாசிச்சது நான். அப்பிடியொரு தங்கச்சி எந்தப் பாகத்திலயும் வரல்லயே."

"இருந்தாள் அக்கா. அவளிட்ட ஒருத்தரும் கேக்கல்ல. அதால புத்தகத்துல வரல்ல."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். உள்ளேயிருந்து என் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழும்பினேன், அவள் கையை விடவில்லை.

"அந்த அறைக்கு யன்னல் இருந்ததா?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றேன்.

எங்கள் வீட்டு அறையில் இருப்பது ஒன்றுதான். அவள் கேட்ட விதத்துக்குக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.