விழுங்கக்கூடாத பொடி

நோயாளிகளை நான் கை நீட்டி அடித்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோலார் தங்கவயலில் சுரங்க ஆஸ்பத்திரி நர்ஸாக நான் இருந்த காலத்தில், சாந்தமாகப் பேசினால் யார் காதிலும் ஏறாது. பாறைக்கு வெடி வைத்து வைத்துப் பாதிப் பேருக்குக் காது மந்தம். மீதிப் பேர் சாராயக் கடையிலிருந்து நேராக வார்டுக்கு வந்தவர்கள். சம்பள நாளில் மண்டை உடைந்து வருகிறவனுக்கு நான் தையலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும்போதே, உடைத்தவன் உள்ளே புகுந்து மறுபடியும் உடைப்பான். அப்படிப்பட்டவனைக் கழிநீர்ப் பாத்திரத்தாலேயே அடித்து வெளியே தள்ளியிருக்கிறேன்.

அங்கே அதிகம் வந்த வியாதி இழுப்பு. பாறைத்தூள் மாரில் படிந்து ஆள் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பான். எங்களிடம் இருந்த மருந்துகளோ கொஞ்சம். சாம்பிராணித் தைலம் விட்ட வெந்நீர் ஆவி, சளியைக் கிளப்பும் வேர்க் கஷாயம், இருமலுக்கு அபின் கலந்த மருந்து. அபினை இழுப்புக்காரனுக்குக் கொடுத்தால் இருமலோடு மூச்சும் அடங்கிவிடும். அதனால் அதை நான் பூட்டியே வைத்திருப்பேன். உண்மையில் ஆளை எழுப்பி உட்கார வைத்தது ஊமத்தைப் பொடிதான். காய்ந்த ஊமத்தை இலையை இடித்து, சட்டென்று பற்றிக்கொள்ள வெடியுப்பு கலந்து, தகர டப்பாவில் போட்டுக் கம்பவுண்டர் தருவார். அதை எப்படி உபயோகிப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை.

கதவைச் சாத்திக்கொள். ஓட்டுத் துண்டில் ஒரு சிட்டிகை போட்டு நெருப்பு வை. தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொள். புகையை உள்ளே இழு, தாங்குகிற மட்டும் நிறுத்து, மெல்ல விடு. வாயில் மட்டும் போடாதே. இந்தக் கடைசி வார்த்தையைத்தான் யாரும் கேட்க மாட்டார்கள். புகையே இவ்வளவு செய்தால் விழுங்கினால் எவ்வளவு செய்யும் என்று கணக்குப் போடுவார்கள். செத்துப்போவாய் என்றால் சிரிப்பார்கள். தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்குப் போய்வருகிறவர்களை நான் எந்தச் சாவைச் சொல்லிப் பயமுறுத்துவது?

அப்புறம் ஒருவன் நிஜமாகவே விழுங்கினான். கண்மணி விரிந்து, நாக்கு வறண்டு, இல்லாத பூச்சிகளைக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தான். தன்னைக் கட்டிலோடு கட்டிப்போட்ட வார்டு ஆளின் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தான். அதோடு விடாமல், அண்ணன் மனைவிக்கும் தனக்கும் உள்ள சங்கதியை ஒன்றுவிடாமல் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். தெளிந்து வீட்டுக்குப் போனவனின் காலை அண்ணன் கடப்பாரையால் அடித்து முறித்தான். அன்றிலிருந்து என் பாடத்தை மாற்றிக்கொண்டேன். விழுங்கினால் மனசில் இருப்பதெல்லாம் வாயால் கொட்டிவிடும் என்றேன். அதன்பிறகு ஒருவனும் விழுங்கவில்லை. அந்த ஊரில் மறைக்க ஏதாவது இல்லாத ஆள் இல்லை. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஊரிகம் லைன் வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த பாறையில் துளை போடும் ஒரு தொழிலாளி என் மாணவர்களில் முதல் தரம். சொன்னதைச் சொன்னபடி செய்வான். ஒரு நாள் காலை அவன் மனைவி தலைவிரி கோலமாக வார்டுக்குள் ஓடிவந்தாள். அவளோடு வந்த அவள் தம்பி, அவனும் சுரங்கத் தொழிலாளிதான், அவர்கள் வீட்டிலேயே இருக்கிறவன், கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அழுகையின் நடுவே அவள் சொன்னது இதுதான். புருஷன் கதவைச் சாத்திக்கொண்டு புகை பிடித்திருக்கிறான். வெடியுப்பு வாசனை வெளியே போயிருக்கிறது. சுரங்கத்திலிருந்து திருடிய தங்கத்தை உருக்குகிறவர்களும் வெடியுப்பைத்தான் சேர்ப்பார்கள். சுரங்கக் காவல்காரர்கள் கதவை உடைத்து, நெருப்பும் டப்பாவும் கையுமாக அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"மருந்துன்னா துன்னு காட்டுன்றாங்கம்மா. அந்த மனுசன் மாட்டேன்னுது. அடிச்சே கொன்னுடுவாங்க" என்றாள்.

காவல் கொட்டகைக்கு நான் ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். உள்ளே அவனை ஜன்னல் கம்பியில் கைகளைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு கிழிந்து, அதன்மேல் பொடி அப்பியிருந்தது. வாயைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். லத்திக் கட்டையின் முனையால் விலாவில் இடித்துக்கொண்டிருந்த ஒருவன் என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அடியின் சத்தத்தைவிடக் கட்டுண்டு நின்றவன் மாரின் விசில் சத்தம் பெரிதாகக் கேட்டது.

முன்பு பட்டாளத்தில் இருந்த தலைமைக் காவலர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மருந்து என்றால் இவன் ஏன் சாப்பிட மறுக்கிறான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விழுங்கினால் பிதற்றுவான் என்ற உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினான். எனக்குப் புரிந்துபோயிற்று. இவனிடம் கொட்டக்கூடாத ஏதோ இருக்கிறது. இந்தப் பொடியைப் போட்டால் ஆள் பிதற்றுவான் என்று காவல்காரர்களுக்குத் தெரிந்தால், நாளை முதல் பிடிபடுகிற ஒவ்வொருவன் வாயிலும் திணிப்பார்கள்.

"ஒரு சிட்டிகை உள்ள போனா செத்துப் பூடுவான். செத்தா டாக்டர் துரைகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்" என்றேன். ஒரு சிட்டிகைக்கு ஆள் சாகமாட்டான், பிதற்றத்தான் செய்வான்; முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அவர்கள் யோசிக்கும்போதே டப்பாவைப் பிடுங்கி, உடைந்த ஓட்டில் பொடியைக் கொட்டிப் பற்றவைத்து, என் முந்தானையால் அவன் தலையை மூடினேன். முந்தானையை இழுக்க வந்தவன் கையில் சூடேறிய ஓட்டுத் துண்டையே வைத்து அழுத்தினேன். அவன் அலறினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் தணிந்தது. தலைமைக் காவலர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அவன் கைகளை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆனால் சந்தேகம் தீரவில்லை என்று, கட்டிலருகே உட்கார ஒரு காவல்காரனையும் கூடவே அனுப்பினார்.

அந்தக் காவல்காரன் வண்டிக்கு முன்னால் நடந்தான். வண்டிக்குள் படுத்திருந்தவன் என் காதில் சொன்னான். உருக்கும் கிண்ணமும் தங்கமும் வீட்டில் அம்மிக்கு அடியில் இருக்கின்றன. எல்லாம் மச்சானுடையவை. "அவுளுக்குன்னு கீறது அவன் ஒருத்தன்தாம்மா" என்றான். எனக்கு அவன்மேலும் ஆத்திரம் வந்தது. திருடினவன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான், இவன் விலா எலும்பு நொறுங்கிக் கிடக்கிறான்.

நொறுங்கித்தான் இருந்தது. கட்டுப் போட்டோம். மறுநாள் மறுபடி இழுப்பு வந்தபோது புகை வைத்தேன். உள்ளே இழுக்க விலா இடம் கொடுக்கவில்லை. ஆவியும் அப்படியே. பாதி மூச்சில் வலி வெட்ட, நின்றுபோகும். வெள்ளைக்கார டாக்டர் துரை வந்து பார்த்து, இனி வாய்வழிதான் என்று, அளவாகத் துளிகள் எழுதிக்கொடுத்தார். கம்பவுண்டர் தண்ணீரில் துளிகளை விட்டுக் கலக்கிக்கொண்டே, அதே ஊமத்தைதான், சாராயத்தில் ஊறவைத்து டிங்சராக்கியிருக்கிறது என்று வாய் சும்மா இராமல் சொன்னார்.

அவன் பற்களைக் கடித்து மூடிக்கொண்டான்.

காவல்காரன் கட்டில் காலில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். உரக்க ஒன்றும் சொல்ல முடியாது. குனிந்து காதோடு சொன்னேன். துளிக் கணக்கில் போனால் பிதற்றல் வராது, மார் திறக்கும், சத்தியம் என்றேன்.

அவன் மூச்சைச் சேர்த்துச் சேர்த்து என் காதில் சொன்னான்: "கொட்டாயில அவுங்ககிட்டயும் இப்டித்தாம்மா சொன்னீங்க. கண்ணுகூட சிமிட்டல."

அப்புறம் நான் நர்ஸாக இல்லை. கட்டில்மேல் முழங்காலை ஊன்றி, அவன் மூக்கைப் பிடித்து அடைத்து, கரண்டியைப் பல்லுக்கு நடுவே நெம்பினேன். பல் ஒன்று உடைந்தது. கன்னத்தில் அறைந்தேன். காவல் கொட்டகையில் அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன், அது தெரிந்தே செய்தேன். உள்ளே போனதையெல்லாம் இரத்தத்தோடு என் முகத்தில் துப்பினான். அவன் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டே கெஞ்சினேன், திட்டினேன், மறுபடி நெம்பினேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அவன் மனைவி தரையில் விழுந்து மாரில் அறைந்துகொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். பாடையோடு ஆட்கள் வந்தார்கள். அவர்களில் அவள் தம்பியும் இருந்தான். இப்போதுதான் முதல்முறையாக அந்த வார்டுக்குள் காலெடுத்து வைக்கிறான். அக்காளைப் பார்க்கவில்லை, பிணத்தைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டான்.

"மாமா எதனா சொன்னாரா?"

அவனை அறைய என் கை உயர்ந்துவிட்டது. காவல்காரன் நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அடித்தால் எதற்கு என்று அவன் கேட்பான். செத்தவன் கடித்து மூடி வைத்ததை என் கை திறந்துவிடும்.

கையை இறக்கிப் புடவையில் துடைத்துக்கொண்டேன். "ஒண்ணும் சொல்லல. தூக்கு" என்றேன்.