நான்காவது ஸ்டூல்

குவாய்-சாங்குக்கு அந்த வருஷம் அறுபத்தொன்று ஆகிறது என்பதை ஊரில் மூன்று பேர் எண்ணிக்கொண்டிருந்தோம். அவன், அவன் மனைவி யுக்-லான், அப்புறம் நான். மற்றவர்களுக்கு அவன் வயதைப் பற்றி நினைக்க நேரமில்லை. அவனிடம் வேலை சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

அறுபத்தொன்று ஆகிவிட்டால் எங்கள் லுக் குலத்தில் ஓர் ஆண் பெரியவர் ஆகிவிடுகிறார். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் மூதாதையின் கல்லறைக்கு மலையேறும்போது அவர் எதையும் சுமக்க வேண்டியதில்லை. மேலே போனதும் ஸ்டூலில் உட்காரலாம். படையல் பன்றியை வெட்டிப் பங்கு போடும்போது எல்லோருக்கும் ஒரு பங்கு என்றால் அவருக்கு இரண்டு. எனக்கு அந்தப் பன்றியில் வால்நுனிகூடக் கிடையாது, மகளாகப் பிறந்தவளுக்குப் பங்கில்லை. கணவர் போனபின் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து பத்து வருஷமாகக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அப்போதும் பங்கில்லை. அதனால் யாருக்கும் பயந்து பேச வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

எங்கள் மதிலூரில் ஆறு சந்துகள், நாலு மூலைக் கொத்தளங்கள், ஒரே வாசல். எழுபத்திரண்டு வீடுகளில் ஐம்பதுக்கும் மேல் பூட்டுத்தான். ஆட்கள் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். அகழியில் பாதியைத் தூர்த்துக் கார் நிறுத்தியிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து போன் வரும்: “சாங் சித்தப்பா, எங்க வீட்டு ஓடு ஒழுகுதாம், கொஞ்சம் ஏறிப் பாருங்களேன்.” இவன் ஏறிப் பார்ப்பான். இரும்பு வாசற்கதவுக்கு எண்ணெய் விடுவது, குலக்கூடத்தில் காலையும் மாலையும் ஊதுபத்தி ஏற்றுவது, மழைக்கு முன் சாக்கடையைக் குத்திவிடுவது, செத்த வீட்டுக்குக் கூடாரம் போடுவது எல்லாம் இவன்தான். முப்பது வருஷமாக மலைக்குப் பன்றி சுமப்பதும், அதை வெட்டுவதும் இவனே. முழங்கால் இரண்டும் போய்விட்டன. குந்தி எழுந்தால் சந்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி சடசடவென்று சத்தம் வரும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. என் அண்ணன் ஷிக்-ஹுங்குக்கு வாய் அகலம், எண்பத்திரண்டு வயதிலும் அவர் தவளைதான். ராட்டர்டாம் சமையலறையில் விரலை விட்டுவிட்டு வந்தவர் மூணுவிரல். காது கேட்காத தொண்ணூறு வயதுக்காரர் பூசணி. என்னை என்ன சொல்வார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. குவாய்-சாங்கின் முழங்கால் மாதிரி வேறொருவன் முழங்கால் பேசியிருந்தால், மறுநாளே பெயர் வைத்திருப்பார்கள். இவனுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. சத்தம் கேட்டால் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். அத்தனை மரியாதை. அந்த மரியாதைதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவன் எங்கள் ரத்தம் இல்லை, கடலில் படகிலேயே குடியிருக்கிற படகுக்காரர் வீட்டுப் பிள்ளை.

பிங்-யாவ் என்பவருக்குக் குழந்தை இல்லை. ஆறு வயதில் இவனைத் தத்தெடுத்தார். வேறு ரத்தத்தைக் குலப்பேரேட்டில் எழுத வேண்டுமானால், தத்தெடுக்கிறவன் பெரியவர்கள் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து விருந்து வைக்க வேண்டும். விருந்துக்கு வருகிறவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டத்தான் வருவார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாலும் பெயர் எழுதப்படாது. முழுக்கக் கேட்டுவிட்டால் எழுதப்படும். அதன்பிறகு சாகும்வரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எங்கள் வழக்கம் இது, இதைவிடக் கேவலமான வழக்கத்தை நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. கூடத்தின் பின்கட்டில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன். பிங்-யாவ் தான் வளர்த்த இரண்டு பன்றிகளையும் அறுத்திருந்தார். மத்தியானம் முழுவதும் தின்றார்கள், குடித்தார்கள், திட்டினார்கள்.

“ஏன்டா பிங்-யாவ், உன்னால முடியலன்னா எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!” என்றார் ஒருவர்.

“வளர்த்து ஆளாக்கு. ஒரு நாள் உன் சோத்துப் பானையத் தூக்கிக்கிட்டுப் படகுல ஏறிடுவான்!”

எல்லோரையும்விட மோசமாகப் பேசியவர் என் அப்பா. எலும்பைக் கடித்துவிட்டு பிங்-யாவின் கிண்ணத்தில் துப்பினார். “உன் கல்லறைக்கு இந்த மீன்நாத்தம் பிடிச்சவனா வந்து புல்லு புடுங்கப் போறான்?” என்று கேட்டார். பிங்-யாவ் தோளில் துண்டோடு மேஜைக்கு மேஜை போய், “சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சின்னப் பிள்ளை, என்ன ஏதென்று தெரியாமல், ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் தேநீர் கொடுத்தான். சாயங்காலம் பெயர் எழுதினார்கள். பிங்-யாவ் வீட்டுக்குப் போய் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

அந்தப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை என்பது உண்மை. கேலியையும் எடுக்கவில்லை. ஐம்பத்தைந்து வருஷம். பிங்-யாவின் கல்லறையில் ஒரு புல் முளைக்க விட்டதில்லை இவன். எங்கள் அப்பாவின் கல்லறையையும் இவன்தான் சுத்தம் செய்தான், என் அண்ணனால் குனிய முடியவில்லை.

மலையேறுவதற்கு ஒரு மாதம் முன்பு கிணற்றடியில் கேட்டேன், “ஆ-சாங், இந்த வருஷம் உனக்கு ஸ்டூல் உண்டுல்ல?”

“தெரியலக்கா.”

“என்ன தெரியல? வயசு ஆச்சுல்ல? வின்சென்ட்கிட்ட கேளு.”

“கேட்டு வாங்கறதா அது?” என்றான். பக்கெட்டைத் தூக்கினான். முழங்கால் சடசடத்தது. நானும் பழக்கதோஷத்தில் வேறு பக்கம் பார்த்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

வின்சென்ட் குலச்சொத்துக்குப் பொறுப்பாளன். நாற்பது வயது, நாட்டிங்ஹாமில் வளர்ந்தவன். வருஷத்துக்கு இரண்டு முறை விமானத்தில் வந்து, பட்டியல் எழுதி, படம் எடுத்துக்கொண்டு போவான். கெட்டவன் இல்லை. எதுவும் தெரியாதவன், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காலையில் கிளம்பினோம். கல்லறையைச் சுற்றி மூன்று நாளாகப் புல் வெட்டியவனும் குவாய்-சாங்தான். வறுத்த பன்றியை மூங்கிலில் கட்டி, முன்னால் பக்கத்து நகரமான யுவென் லாங்கிலிருந்து கூலிக்கு வந்த நேபாளக்காரர், பின்னால் இவன். இவன் முதுகில் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்தன. பெரியவர்கள் செத்துச் செத்து, முந்தின வருஷம் மூன்றாகிவிட்ட ஸ்டூல்கள். அன்று எண்ணிப் பார்த்தேன், நாலு இருந்தன. யாரையும் கேட்காமல் நாலாவதை அவனே எடுத்துவந்திருந்தான். ஊதுபத்திக் கூடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மேலே போனதும் ஸ்டூல்களை வரிசையாக வைத்தான். என் அண்ணன், மூணுவிரல், பூசணி மூவரும் உட்கார்ந்தார்கள். நாலாவது காலியாக இருந்தது. இவன் அதன் பக்கமே பார்க்காமல் பன்றிக்குப் பக்கத்தில் குந்தி, கத்தியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தான். ஊதுபத்தி ஏற்றி எல்லோரும் வணங்கி முடித்தோம். வின்சென்ட் பட்டியலை எடுத்தான். அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

“ஸ்டூல் ஒண்ணு அதிகமா இருக்கே சித்தப்பா? பெரியவங்க மூணு பேர்தானே?”

“எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு” என்றான் இவன், கத்தியைப் பார்த்துக்கொண்டே.

“அட, பார்த்தா தெரியவே இல்ல!” என்று வின்சென்ட் சிரித்தான். அப்புறம் கொஞ்சம் யோசித்தான். “இந்த வருஷம் வேணாமே சித்தப்பா. நீங்க உட்கார்ந்துட்டா பன்னிய யார் வெட்டறது? புல்லு யார் வெட்டறது? ஆள் கிடைக்கற வரைக்கும், ஒரு ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டுக்கலாம்.”

ஆகக்கூடி விஷயம் புல். இத்தனை வருஷம் ரத்தம் ரத்தம் என்று அவன் மனசுக்குள் அரித்துக்கொண்டிருக்க, கடைசியில் தடுத்தது புல்.

“வயசத் தள்ளிப் போட முடியாது” என்றான் குவாய்-சாங். குரல் உயரவில்லை. “எங்கப்பா அன்னைக்கு எல்லாருக்கும் சோறு போட்டார்.”

வின்சென்டுக்கு அது புரியவில்லை. சுற்றி நிற்கிற நாற்பது பேரையும் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், சங்கடத்தில் வாயை விட்டான். “சோறு போட்டது சரி சித்தப்பா. ஆனா கண்டிப்பா பார்த்தா, நீங்க ஒண்ணும் ரத்த வழியில வந்த—”

என் அண்ணன் கைத்தடியால் சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தார்.

“மூடுடா வாயை!”

படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனைக் கீழே இறக்கினார்கள். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

“அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு. அம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்து பேசினோம். எங்கப்பன் பேசினான், உன் தாத்தன் பேசினான், நானும் பேசினேன். நான் என்ன பேசினேன்னு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு, நினைச்சா வெட்கமா இருக்கு. பிங்-யாவ் நின்னு அவ்வளவையும் வாங்கிக்கிட்டான். நீ பேசறதுக்கு அதுல ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கல, தெரிஞ்சுக்க.”

வின்சென்டின் முகம் வெளுத்துவிட்டது. “தெரியாம சொல்லிட்டேன் பெரியப்பா.”

“அவன்கிட்ட சொல்லு.”

“மன்னிச்சுக்குங்க சித்தப்பா.”

குவாய்-சாங் அப்போதும் கத்தியோடு குந்தியே இருந்தான். தலையை ஆட்டினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவும் தெம்பு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. நாலாவது ஸ்டூல் காலியாகவே கிடந்தது.

“எழுந்திருடா” என்றார் அண்ணன்.

அவன் தரையில் கையூன்றி எழுந்தான். இரண்டு முழங்காலும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. யாரும் மூச்சுவிடாத நேரம், மலை முழுக்கக் கேட்டிருக்கும். வழக்கம்போல நாற்பது பேரும் வேறு பக்கம் பார்க்கத் தயாரானோம்.

அண்ணன் மட்டும் பார்வையைத் திருப்பவில்லை. அந்த அகல வாய் மெல்ல விரிந்தது.

“மலையில பட்டாசு வெடிக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்களேன்னு நான் வேற கவலைப்பட்டேன். பாட்டனை எழுப்ப இவன் முழங்காலே போதும்போல இருக்கே! வாடா பட்டாசுக்கால், வந்து உட்காரு.”

முதலில் மூணுவிரல் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தார். பூசணி காதில் கை வைத்து, “என்ன சொன்னான், என்ன சொன்னான்?” என்று கேட்டார்.

“பட்டாசுக்கால்!” என்று மூணுவிரல் அவர் காதில் கத்தினார்.

“ஆமாமா, எனக்கே கேக்குதே!” என்றார் பூசணி. அவ்வளவுதான், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

குவாய்-சாங்கின் காது இரண்டும் சிவந்துவிட்டன. கத்தியை வின்சென்டின் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

வின்சென்ட் வெட்டியது வெட்டே இல்லை. தோல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம், பங்கெல்லாம் கோணல். வேறு நாளாக இருந்தால் குவாய்-சாங் பொறுத்திருக்க மாட்டான். அன்று பொறுப்பதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அவன் தூங்கிப்போயிருந்தான். வாயைத் திறந்துகொண்டு, உட்கார்ந்தபடியே. இரண்டு பங்கையும் பையில் போட்டு அவன் மடியில் நான்தான் வைத்தேன்.

கீழே வாசலில் யுக்-லான் நின்றிருந்தாள். பையை வாங்கி எடை பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

“தவளை எனக்குப் பேரு வெச்சிருக்கார்” என்றான்.

“என்ன பேரு?”

சொன்னான். அவள் சிரித்தாள், பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, “இவ்வளவு கொழுப்பை யார் திங்கறது? நீ இதைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே” என்றாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே என் அண்ணன் போய்விட்டார். கூடாரம் போட்டவனும் குழி வெட்ட ஆள் பிடித்தவனும் குவாய்-சாங். பூசணி புத்தாண்டு வரை தாக்குப்பிடித்தார். மூணுவிரலை மகள் ராட்டர்டாமுக்கே அழைத்துப் போய்விட்டாள். அடுத்த ஒன்பதாம் மாதம் வின்சென்டின் போன் வந்தது. “பெரியவர்னா இப்ப நீங்க ஒருத்தர்தான் சித்தப்பா. ஆனா ஆள் கிடைக்கல. இந்த ஒரு வருஷம் மட்டும்...”

ஒரே ஒரு ஸ்டூலை முதுகில் கட்டிக்கொண்டு பன்றியோடு ஏறினான். வெட்டிப் பங்கு போட்டான். அப்புறம் தனியாக அதில் உட்கார்ந்தான். வந்திருந்தது பதினேழு பேர். எல்லோரும் சித்தப்பா, பெரியப்பா என்று மரியாதையாகப் பேசினார்கள்.

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஊரில் இப்போது மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். பன்றியில் பங்கில்லாதவள் பெரியவருக்குப் பட்டப்பெயர் சொல்லலாமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. தினமும் காலையில் அவன் ஊதுபத்தி ஏற்றப் போகிற சத்தம் சந்தில் கேட்டதும் வாசலுக்கு வந்து கூப்பிடுகிறேன்.

“டேய், பட்டாசுக்கால்!”

“என்னக்கா?” என்று நின்று திரும்பிப் பார்க்கிறான்.